மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டாதீர்கள்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் பேராசிரியர்களுக்கும் முதல்வர்களுக்கும், பல்கலைக்கழகக் கல்விக்குழுக்களில் அமர்ந்திருக்கும் உங்கள் பிரதிநிதிகளுக்கும்,



நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். வயது நாற்பத்தாறு. பள்ளி முடித்துப் பல வருடம் கழித்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, தொலைநிலைக் கல்வியில் பி.காம். முடித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் போலவே காலம் தாழ்ந்து படிக்க வந்தவர்களுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லித் தருகிறேன். இந்த மடலை அமைச்சருக்கு எழுதச் சொன்னார்கள் கூட இருப்பவர்கள். உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நாங்கள் கேட்கப்போவதில் பெரும்பகுதிக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு துறைத் தலைவர், ஒரு முதல்வர், ஒரு கல்விக்குழு மனது வைத்தால் போதும். அந்த நாற்காலிகளில் இருப்பவர்கள் நீங்கள்.

எங்கள் ஞாயிறு வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓவர்லாக் அடிக்கும் ஒரு பெண் வருகிறார். பிளஸ் டூவில் ஆயிரத்துக்கு மேல் மதிப்பெண் எடுத்தவர். ரிசல்ட் வந்த மாதமே கல்யாணம் முடிந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் ஒருவர், மகள் கல்லூரியில் சேர்ந்த அதே வருடம் தானும் பி.ஏ. பொருளியலுக்குப் பணம் கட்டினார். அங்கன்வாடி உதவியாளர் ஒருவர். லாரி புக்கிங் ஆபீசில் இருபது வருடமாக இருக்கும் ஒருவர். சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடித்து, சம்பளம் வாங்கி, வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போட்டுவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருகிறார்கள். பொழுது போகாமல் யாரும் வருவதில்லை. பொழுதே இல்லாதவர்கள் இவர்கள்.

அந்த ஓவர்லாக் பெண், தபாலில் படிப்பது தனக்கு ஒத்துவராது, வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு கல்லூரியில் இடம் கேட்டுப் போனார். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. முதலில் இனிஷியல் சிக்கல். சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவரின் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் போய் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தார். படிப்பில் ஏன் இவ்வளவு இடைவெளி என்று எழுதித் தரச் சொன்னார்கள். தந்தார். அதன் பிறகு ராகிங் தடுப்பு உறுதிமொழி. 2009ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைப்படி மாணவர் ஒன்று, பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒன்று என இரண்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும். நல்ல விதி. எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காப்பதற்காக வந்த விதி. ஆனால் நாற்பத்தொரு வயதுப் பெண்ணிடம், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவிடம், பெற்றோர் கையெழுத்து எங்கே என்று கேட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அப்பா இறந்து பல வருடமாகிறது. எழுபதைத் தாண்டிய அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, மகள் கல்லூரியில் யாரையும் துன்புறுத்த மாட்டாள் என்ற காகிதத்தில் கைநாட்டு வைத்தார். பெருவிரலில் இருந்த மையைத் துடைக்க அந்த அலுவலகத்தில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார் என்று மகள் சொன்னார். இத்தனைக்கும் பிறகு அவர் அந்தக் கல்லூரியில் சேரவில்லை. வகுப்பு காலை ஒன்பதரைக்கு. கம்பெனி எட்டரைக்கு.

பேராசிரியர்களே, இதில் யாரும் அவரை அவமானப்படுத்த நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் இருந்தவர் படிவத்தில் உள்ளதைத்தான் கேட்டார். என் வருத்தமே அந்தப் படிவத்தைப் பற்றியதுதான். கல்லூரிக்கு வருகிறவர் என்றால் பதினேழு வயது, அப்பா அம்மா கூட்டிவருவார்கள், பகல் முழுக்கச் சும்மா இருப்பார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் உங்கள் விண்ணப்பம், உங்கள் கால அட்டவணை, உங்கள் வருகைப்பதிவு, உங்கள் தேர்வு நாள் எல்லாமே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த முடிவுக்குள் அடங்காத ஒருவர் வாசலில் வந்து நின்றால் அவரை எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை.

உயர்கல்வியில் நம் மாநிலம் நாட்டுக்கே முன்னோடி என்று மேடைதோறும் சொல்கிறோம். எனக்கும் அதில் பெருமை உண்டு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. இந்த விகிதம் எப்படிப் போடப்படுகிறது என்று உங்களில் பலர் வகுப்பிலேயே சொல்லித் தருகிறீர்கள். கீழே வகுக்கும் எண், 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் மக்கள்தொகை. மேலே உள்ள எண்ணில், உயர்கல்வியில் பெயர் பதிந்த எல்லோரும், வயது பாராமல். தொலைநிலையில் படிக்கிறவர்களும் அதில் அடக்கம். அப்படியானால் அந்த 47இல் எங்கள் தலைகளும் எண்ணப்பட்டிருக்கின்றன. அதே கணக்கெடுப்பு நாடு முழுவதும் தொலைநிலையில் படிப்பவர்கள் 45 லட்சத்துக்கு மேல் என்கிறது. அவர்கள் எல்லோரும் வயது கடந்து படிக்க வந்தவர்கள் அல்லர். ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே படிக்கிறவர்கள் அதில் ஏராளம். மாநிலத்தின் பெருமையைச் சொல்லும்போது எங்களையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். வகுப்பறையில் பெஞ்சு போடும்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நாங்கள் ஏன் அந்த வயதிலேயே படிக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நான் பிளஸ் டூ முடித்தது 1990களின் கடைசியில். அப்போது எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணை இரண்டு பஸ் மாற்றி அனுப்ப என் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போனான். இன்று மாநிலத்தில் 160க்கு மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் பல்லடம், அவிநாசி, காங்கேயம் என்று சின்ன ஊர்களுக்கெல்லாம் கல்லூரி வந்துவிட்டது. 2021இல் இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசு கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமும் கிடையாது. அன்று எங்களைத் தடுத்த தூரம், பஸ் காசு, கட்டணம் மூன்றும் போய்விட்டன. மிச்சம் இருப்பது இரண்டே தடைகள். ஒன்று வயது. இன்னொன்று, வகுப்பு நடக்கும் நேரம். இந்த இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

தொலைநிலைக் கல்வி இருக்கிறதே, அதில் படித்தால் ஆகாதா என்பீர்கள். அந்தக் கல்விக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவள். 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1979இல் வந்தது; இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் பிறந்தன. இவை இல்லையென்றால் என் வீட்டுச் சுவரில் பட்டச் சான்றிதழ் தொங்கியிருக்காது. என்னைப் போல எத்தனை ஆயிரம் பேரோ. ஆனால் அந்தப் படிப்பு எப்படி நடந்தது என்றும் சொல்ல வேண்டும். பாடப் புத்தகக் கட்டு வந்தது. நேர்முக வகுப்பு என்று சில நாட்கள், ஒரு நாளில் நான்கு பாடம் ஓட்டினார்கள். வங்கிச் சரிகட்டும் பட்டியலில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாஸ் புக்கில் பற்று இருப்பு என்றால் நம் ரொக்கப் புத்தகத்தில் ஏன் அது வரவு இருப்பாகிறது? கேட்க ஆள் இல்லை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் எங்கள் கம்பெனிக்குத் தணிக்கைக்கு வந்த ஆடிட்டர் ஆபீஸ் பையன், டீ குடிக்கும் நேரத்தில், ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். "அக்கா, பேங்க்காரன் அவன் கண்ணுல இருந்து எழுதறான், நீங்க உங்க கண்ணுல இருந்து எழுதறீங்க, அவ்வளவுதான்" என்றான். ஒரு நிமிடம்தான் ஆனது. ஆசிரியர் என்று ஒருவர் எதிரே இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நிமிடம் தினமும் கிடைக்கிறது. எங்களுக்கு அது ஏன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்க வேண்டும்?

நூலகம் கிடையாது. கூடப் படிக்கிறவர் யார் என்று தெரியாது. தேர்வு எழுதும் அறையில்தான் முதல்முறையாக முகம் பார்க்கிறோம். பரீட்சை நெருங்கினால் கைடு வாங்கி மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி தெரியாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விட்டவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. அரசு கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் இல்லாதபோது, கூலி வேலை செய்துகொண்டு தொலைநிலையில் படிப்பவர் முழுக் கட்டணமும் கட்டுகிறார். அந்தக் கட்டணத்தில்தான் பல பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்தில் செழிப்பாக இருந்தன என்பது ஆட்சிக்குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். தொலைநிலையில் படித்தால் அது இல்லை. 2009இல் அரசாணை ஒன்று வந்தது: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. பள்ளியைப் பாதியில் விட்டு, பிறகு அந்த வழியை நம்பி வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். எங்களுக்கென்று ஒரு வழியைத் திறப்பதும், அதில் பாதி தூரம் நடந்த பிறகு அதன் மதிப்பைக் குறைப்பதும் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. தொலைநிலைக் கல்வி இருக்கட்டும், இன்னும் நன்றாக நடக்கட்டும். அது இருக்கிறது என்பதைக் காட்டி உங்கள் வாசலை மூடாதீர்கள்.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு இடத்தை எடுத்துக்கொண்டால் ஒரு இளம்பிள்ளையின் இடம் போகாதா? இது நியாயமான கேள்வி, இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். மருத்துவப் படிப்பு என்றால் இந்தக் கேள்விக்குக் கனம் இருக்கிறது. இடங்கள் குறைவு, படித்தவர் எத்தனை ஆண்டு பணி செய்வார் என்பதும் கணக்குத்தான். அங்கேயே நீட் தேர்வின் உச்ச வயது வரம்பை 2022இல் நீக்கிவிட்டார்கள். கலைக் கல்லூரியில் அந்தப் போட்டிக்கே நாங்கள் வரவில்லை. பகலில் உள்ள இடங்கள் பிள்ளைகளுக்கே இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். நாங்கள் கேட்பது, அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு காலியாகக் கிடக்கும் அறையை. மாலை ஆறு மணிக்குக் காவலாளி கேட்டைப் பூட்டுகிறார். கரும்பலகை, பெஞ்சு, நூலகம், கணினி ஆய்வகம் எல்லாம் மறுநாள் காலை வரை இருட்டில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அப்படியே. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய கட்டடம் அது. நாங்களும் வரி கட்டுகிறவர்கள்.

இது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. கோவையிலும் சேலத்திலும் அரசுப் பொறியியல் கல்லூரிகளில், டிப்ளமோ முடித்து வேலை பார்ப்பவர்களுக்கு மாலை நேரத்தில் பகுதிநேர பி.இ. நடந்து வந்திருக்கிறது. பவுண்டரியில் இருந்து நேராக வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். லண்டனில் 1823இல் கைவினைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட பர்க்பெக் கல்லூரி இன்றுவரை பெரும்பாலும் மாலையில்தான் பாடம் நடத்துகிறது. அதை யாரும் இரண்டாந்தரக் கல்லூரி என்று சொல்வதில்லை. மாலை நேரத்தில் பொறியியல் ஆய்வகத்தைத் திறக்க முடிகிறது என்றால், வரலாற்று வகுப்புக்கும் தமிழிலக்கிய வகுப்புக்கும் நான்கு குழல்விளக்கு எரியவிட முடியாதா?

உங்கள் முன்னோடிகள் இதைவிடக் கடினமானதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது கல்லூரி ஆசிரியர்கள் பலர் அதில் முன்னால் நின்றார்கள். பேராசிரியர் ச. மாடசாமி போன்றவர்கள் அந்த அனுபவத்தைப் பிறகு எழுதியும் இருக்கிறார்கள். களை எடுத்து, கல் உடைத்து, சோறாக்கி முடித்துவிட்டு மக்கள் எந்த நேரத்தில் வர முடியுமோ அந்த நேரத்தில் வகுப்பு வைத்தார்கள். புதுக்கோட்டையில் குவாரியில் வேலை செய்த பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். கற்கிறவரின் நேரத்துக்குக் கல்வி இறங்கிவந்த காலம் அது. அன்று கையெழுத்துப் போடக் கற்ற பெண்களின் மகள்கள்தான் இன்று உங்கள் வாசலில் நிற்கிறோம்.

வயதானவர்கள் படித்தால் பத்திரிகையில் படம் வருகிறது. கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 வாங்கியபோது நாடே கொண்டாடியது. நானும் கண் கலங்கினேன். ஆனால் 96 வயதில் படிப்பது செய்தி. 38 வயதில் படிப்பது செய்தி இல்லை. 38 வயதில் படிக்க வருகிற பெண்ணுக்கு யாரும் மாலை போட வேண்டியதில்லை. பட்டம் வாங்கினால் செக்கிங் டேபிளில் நின்றபடி வேலை செய்வதை விட்டு மெர்ச்சண்டைசிங்கில் உட்கார முடியும். துறைத் தேர்வு எழுத முடியும். மகன் கொண்டுவரும் கடன் பத்திரத்தைத் தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட முடியும். எங்களைப் பாராட்ட வேண்டாம், சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்களால் உங்கள் வகுப்புக்கு என்ன பயன் என்றும் ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள் எல்லா இளநிலைப் படிப்பிலும் இருக்கிறது. மாசு, சுத்திகரிப்பு, தீர்ப்பு என்று பாடம் நடத்துகிறீர்கள். எங்கள் வகுப்பில் ஒருவர், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை போனவர். அவருடைய மச்சான் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் பார்த்தவர். நொய்யல் ஆற்றில் வந்த சாயத் தண்ணீரால் நிலம் உப்பாகி, தென்னை காய்ந்து, விவசாயத்தையே விட்டவர். ஒரே குடும்பத்தில் ஒரு கை சாயம் போட்டது, இன்னொரு கை அந்தச் சாயத்தால் வெறுங்கையானது. பட்டறையை மூடியது சரியா தவறா என்று இந்த மனிதர் வாரக்கணக்கில் தனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறார். பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் என்ற சொல்லைப் புத்தகத்தில் படித்தபோது அவர் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். அவர் எதிரே பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது முதல் ரிட்டர்னை அழுதுகொண்டே போட்ட கணக்குப்பிள்ளைகள் இருக்கிறோம். அதற்கு முந்தைய நவம்பரில் செல்லாத நோட்டைச் சம்பளமாக வாங்கி வரிசையில் நின்றவர்கள் இருக்கிறோம். பொருளியல் எங்களுக்குப் பாடமாவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அதன் பெயர்களும் காரணங்களும்தான் எங்களுக்குத் தெரியாது. அவற்றைச் சொல்லித் தரத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

சரி, நாங்கள் கேட்பது என்ன?

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரே ஒரு அரசு கலைக் கல்லூரியிலாவது, வேலை பார்ப்பவர்களுக்கென்று மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்கும் ஒரு பிரிவைத் தொடங்கும்படி உங்கள் கல்விக்குழுக்கள் தீர்மானம் போட வேண்டும். ஆறே கால் முதல் எட்டே கால் வரை போதும். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். திருப்பூர் மாதிரி ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஊரில் வார நாளில் மாலை வகுப்புக்கு எல்லோராலும் வர முடியாது. அங்கே ஞாயிறு முழு நாள் வையுங்கள். எந்த ஊருக்கு எந்த நேரம் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடிக்க விடுங்கள். பருவத்துக்குக் குறைவான தாள்களை எடுத்து எழுதி, அந்த மதிப்பீட்டுப் புள்ளிகளைச் சேர்த்துவைக்க வழி இருக்க வேண்டும். 2021இல் அண்ணா பல்கலைக்கழகம் இருபது வருடத்துக்கு முந்தைய அரியர்காரர்களுக்கும் சிறப்புத் தேர்வு எழுத வாய்ப்புக் கொடுத்தது. அரியருக்கு இருபது வருடம் பொறுக்க முடிந்த பல்கலைக்கழக முறைக்கு, முறையாகப் படிக்கிறவருக்கு ஐந்து வருடம் கொடுப்பதில் என்ன சிரமம்?

இதற்குக் கூடுதல் ஆசிரியர் வேண்டும், கூடுதல் சம்பளம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. பகல் முழுக்கப் பாடம் நடத்திய உங்களையே இரவிலும் நில்லுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது. பணியிடங்கள் காலியாக இருப்பதும், கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த தொகுப்பூதியத்தில் கல்லூரிகளைத் தாங்கிப் பிடிப்பதும் ஊருக்கே தெரியும். மாலைப் பிரிவுக்குத் தனிப் பணியிடமும் முறையான ஊதியமும் வேண்டும் என்று அரசிடம் நீங்கள் கேளுங்கள். உங்கள் கோரிக்கையோடு நாங்களும் வந்து நிற்கிறோம். பணம் தேவைப்படும் காரியம் அது ஒன்றுதான். மற்றவை பேனாவால் ஆகக்கூடியவை. சேர்க்கை அறிவிப்பில் எங்கெல்லாம் உச்ச வயது வரம்பு இருக்கிறதோ அங்கெல்லாம், மாலைப் பிரிவுக்காவது அதை நீக்கப் பரிந்துரை செய்யுங்கள். முப்பது வயதைத் தாண்டியவரின் விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் கேட்காதீர்கள். அவர் கொடுக்கும் உறுதிமொழியையே ஏற்றுக்கொள்ளலாம் என்று மானியக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இனிஷியல் மாறியதற்குத் திருமணச் சான்றையோ குடும்ப அட்டையையோ ஏற்றுக்கொள்ளுங்கள். 75 சதவீத வருகை விதியை மாலைப் பிரிவுக்கு எப்படிப் பொருத்துவது என்று யோசியுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா வகுப்புக்கு வர முடியாது; அதற்காக அவரைத் தேர்வு எழுத விடாமல் செய்வது எந்த வகையிலும் கல்வி ஆகாது.

தேர்வு அட்டவணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் படிப்பை விடுவது அங்கேதான். ஆறு தாள் வேலை நாளில் வந்தால் ஆறு நாள் சம்பளம் போகிறது. லீவு சொல்லவும் பதினைந்து நாள் முன்னாடி தெரிய வேண்டும். ஆர்டர் ஏற்றுமதியாகும் வாரத்தில் தேர்வு வந்தால் சூப்பர்வைசர் விடமாட்டார். வேலையா பரீட்சையா என்று வந்தால் வேலைதான் ஜெயிக்கும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. மாலைப் பிரிவுத் தேர்வுகளை ஞாயிறுகளில் வையுங்கள். தொலைநிலை மாணவர்களுக்கும் அப்படியே. தேதியைப் பருவம் தொடங்கும்போதே அறிவித்துவிடுங்கள். தொலைநிலையில் படிக்கும் உள்ளூர்க்காரர் அரசு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஒரு அடையாள அட்டை கொடுங்கள். இதற்குப் பத்து ரூபாய்கூடச் செலவாகாது.

இவ்வளவும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வருகிற கல்விக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். ஒரு துறை, ஒரு கல்லூரி, ஒரு மாலைப் பிரிவு என்று அடுத்த ஜூனில் தொடங்கிப் பாருங்கள். ஐம்பது இடம் போட்டால் திருப்பூரில் மட்டும் அதைவிட அதிகமாக விண்ணப்பம் வரும். அதை நிரப்பிக் காட்டுவது எங்கள் பொறுப்பு. தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் எங்களில் நாலைந்து பேரை அந்தக் கூட்டத்துக்கு அழைத்து நேரில் கேளுங்கள். ஓவர்லாக் அடிக்கும் அந்தப் பெண்ணும் வருவார். வேலை நாளாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு மாணவர்கள் சார்பில்,
அவர்களைப் போலவே படித்த ஒருத்தி
திருப்பூர்